தறி ஓட்டுகிறவர்கள் காதைக் காப்பாற்றிக்கொள்வது எப்படி

2020-ல் எல்லாரும் மாஸ்க் போட்ட பிறகுதான் எனக்குக் காது போயிருப்பது தெரிந்தது. ரேஷன் கடை வரிசையில் நிற்கிறேன். உள்ளே இருந்த பையன் என்னவோ கேட்டான். புரியவில்லை. மறுபடி கேட்டான், அப்போதும் புரியவில்லை. பின்னால் நின்றவர்கள் முனக ஆரம்பித்தார்கள். அவன் மாஸ்க்கைத் தாடைக்கு இறக்கிவிட்டு, "கார்டு கொண்டாந்தீங்களாக்கா?" என்றான். பளிச்சென்று விளங்கியது. அவன் குரலை உயர்த்தவில்லை, வாயைக் காட்டினான், அவ்வளவுதான்.

நாமக்கல் மாவட்டம் பள்ளிபாளையத்தில் 1996-ல், 19 வயதில் விசைத்தறி ஓட்டப் போனவள் நான். இன்னமும் போகிறேன். தறிப்பட்டறைக்குள் யாரும் காதால் பேச்சு கேட்பதில்லை. உதட்டைப் பார்ப்போம், கையைப் பார்ப்போம். தார், அதாவது ஊடைநூல் சுற்றிய குச்சி, வேண்டுமென்றால் சுட்டுவிரலைச் சுழற்றிக் காட்டுவோம். வேலைக்குச் சேர்ந்த ஆறு மாதத்தில் எல்லாருக்கும் அந்தப் பழக்கம் வந்துவிடும். வெளியே வந்தும் அதே உதட்டைப் பார்த்தே வருஷக்கணக்கில் சமாளித்திருக்கிறேன், எனக்கே தெரியாமல். என்னைப் போல இன்னும் எத்தனையோ பேர் இருக்கிறீர்கள். உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

காது எப்படிப் போகிறது

காதுக்குள்ளே நத்தைக்கூடு மாதிரி ஒரு சின்ன உறுப்பு இருக்கிறது. அதற்குள் மெல்லிய முடி வைத்த செல்கள் வரிசை வரிசையாக நிற்கின்றன. ஒரு காதுக்குச் சுமார் 15,000. சத்தம் வரும்போது அவை ஆடி, நரம்பு வழியாக மூளைக்குச் செய்தி அனுப்புகின்றன. தறியில் நீளவாட்டில் கட்டிய பாவு நூலில் ஒரே இடத்தில் சீப்பு மாதிரியான அச்சு தினமும் உரசினால் இழை நைந்து போவதை நாம் பார்க்கிறோம் அல்லவா, அதே மாதிரிதான் இந்தச் செல்களும் நைகின்றன. ஆனால் பாவு அறுந்தால் பிணைத்துவிடலாம். இந்தச் செல் செத்தால் மறுபடி முளைக்காது. மாத்திரை, டானிக், காதில் விடும் மருந்து எதுவும் அதைத் திருப்பிக் கொண்டுவராது. அப்படிச் சொல்லிக் காசு கேட்கிறவரை நம்ப வேண்டாம்.

எவ்வளவு சத்தம், எவ்வளவு நேரம் என்பதற்குக் கணக்கு இருக்கிறது. சத்தத்தை டெசிபல் என்ற அளவில் சொல்வார்கள். 85 டெசிபல் என்றால் ஒரு நாளைக்கு 8 மணி நேரம்தான் காது தாங்கும். அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும். 88-க்கு 4 மணி நேரம், 91-க்கு 2, 94-க்கு 1, 97-க்கு அரை மணி. நம் நாட்டுத் தொழிற்சாலை விதிகள் கொஞ்சம் தளர்வானவை, 90 டெசிபலில் 8 மணி நேரம் வரை அனுமதிக்கின்றன. எங்கள் பட்டறையில் என் மருமகன் போனில் அளந்து பார்த்தபோது 97-க்கும் 99-க்கும் நடுவே ஆடியது. போன் அளவு துல்லியமாக இருக்காதுதான். நாலு கூட்டிக் குறைத்துக்கொண்டாலும், அரை மணி, ஒரு மணி மட்டுமே நிற்க வேண்டிய இடத்தில் நான் 12 மணி நேர ஷிப்ட் நின்றிருக்கிறேன், வருஷக்கணக்கில்.

காது மொத்தமாக ஒரே நாளில் போவதில்லை. முதலில் போவது கீச்சென்ற மேல்சுருதி ஒலிகள், சுருதியை அளக்கும் கணக்கில் 4000 ஹெர்ட்ஸ் அக்கம்பக்கம். பேச்சில் ச, ஸ, ஃப மாதிரி காற்றோடு வரும் ஒலிகள் அந்தப் பக்கத்தில்தான் இருக்கின்றன. அ, ஆ, ஓ எல்லாம் கீழ்ச்சுருதி, அவை நன்றாகக் கேட்கும். அதனால்தான் "பேசுறது கேக்குது, என்ன பேசுறாங்கன்னு புரியல" என்போம். கேட்கிறது என்பதாலேயே காது நன்றாக இருக்கிறது என்று நினைத்துக்கொள்கிறோம்.

பிறகு ஆஸ்பத்திரியில் எனக்குக் காது டெஸ்ட் எடுத்த பெண், "மழை விட்ட ராத்திரியில சில்வண்டு சத்தம் கேக்குதாம்மா?" என்று கேட்டது. ஊரில் வீடு பெருகிவிட்டது, வண்டெல்லாம் ஒழிந்துவிட்டது என்றுதான் நான் நினைத்திருந்தேன். சில்வண்டு கத்துவதும் அதே 4000-ஐ ஒட்டிய சுருதியில்தான். வண்டு எங்கும் போகவில்லை.

நீங்களே பார்த்துக்கொள்ளக்கூடியவை

உங்கள் பட்டறை காதைக் கெடுக்கிற பட்டறையா என்று தெரிய மீட்டர் வேண்டாம். கை நீட்டினால் தொடுகிற தூரத்தில் நிற்பவரிடம் கத்தித்தான் பேச வேண்டியிருக்கிறது என்றால் அங்கே 85-க்கு மேல் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று ரேடியோ சோதனை. ஷிப்டுக்குக் கிளம்பும் முன் ரேடியோவையோ டிவியையோ பேச்சு புரிகிற அளவுக்கு, கொஞ்சம் குறைவாகவே வைத்துக் கேளுங்கள். வால்யூமைத் தொடாமல் அணைத்துவிட்டுப் போங்கள். வேலை முடிந்து வந்ததும் போடுங்கள். பேச்சு மங்கலாக, எங்கோ தூரத்தில் பேசுகிற மாதிரி இருந்தால் அன்றைக்குக் காது அடி வாங்கியிருக்கிறது. அந்த மந்தம் பெரும்பாலும் காலைக்குள் தெளிந்துவிடும். தெளிகிறதே என்று விட்டதுதான் நான் செய்த தவறு. அப்படித் தெளிந்து தெளிந்துதான் ஒரு நாள் தெளியாமல் நிற்கிறது.

ராத்திரி படுத்ததும் காதுக்குள் ஙொய்யென்று இரைச்சல் வந்தால் அதுவும் அறிகுறிதான்.

பிளக் போடுவது எப்படி

எங்கள் பட்டறையில் பலர் காதில் பஞ்சு வைப்பார்கள். கழிவு நூலைச் சுருட்டி வைப்பவர்களும் உண்டு. அது கொஞ்சம்தான் தடுக்கும், தறிச் சத்தத்துக்குப் போதாது. ஸ்பாஞ்ச் மாதிரி அமுங்கி எழும் இயர் பிளக் மெடிக்கல் ஷாப்பிலும், வெல்டிங் சாமான், ஹெல்மெட், கையுறை விற்கும் கடைகளிலும் கிடைக்கும். விலை அதிகமில்லை.

வாங்கி வைத்துக்கொண்டு தப்பாகப் போடுகிறவர்கள்தான் அதிகம். நானும் முதல் இரண்டு வாரம் அப்படித்தான். கையைக் கழுவித் துடைத்துக்கொள்ளுங்கள், எண்ணெய்க் கை ஆகாது. பிளக்கை விரல்களுக்கு நடுவே வைத்து, மடிப்பு விழாமல், பீடி கனத்துக்கும் மெல்லிசாக உருட்டுங்கள். வலது காதுக்குப் போடும்போது இடது கையைத் தலைக்கு மேலாகக் கொண்டுவந்து வலது காதின் மேல் நுனியைப் பிடித்து, மேலேயும் பின்னாலும் இழுங்கள். வளைந்திருக்கும் காதுத் துளை அப்போதுதான் நேராகும். உருட்டியதை உடனே உள்ளே செலுத்தி, விரல் நுனியால் அரை நிமிஷம் அமுக்கிப் பிடியுங்கள். அது உள்ளே உப்பி, துளையை அடைத்துக்கொள்ளும். இந்த அரை நிமிஷம் பிடிக்காமல் விட்டால் பிளக் வெளியே வந்து காது ஓரத்தில் தொங்கும். எதிரே நிற்பவருக்கு உங்கள் பிளக் முழுசாகத் தெரிகிறது என்றால் நீங்கள் அதைப் போடவே இல்லை.

சரியாக உட்கார்ந்ததா என்று பார்க்க, தறி ஓடும்போது இரண்டு உள்ளங்கையாலும் காதைப் பொத்தி எடுங்கள். பொத்தினாலும் எடுத்தாலும் பெரிய வித்தியாசம் இல்லையென்றால் சரி. பொத்தியதும் சத்தம் சட்டென்று குறைந்தால் கழற்றி மறுபடி போடுங்கள்.

அப்புறம், இடையில் கழற்றாதீர்கள். 30 டெசிபல் தடுக்கிற பிளக்கை 8 மணி நேரத்தில் அரை மணி மட்டும் கழற்றி வைத்தாலும், அன்றைய மொத்தப் பாதுகாப்பு 12 டெசிபலுக்கு இறங்கிவிடும். போன் பேச வேண்டுமா, பட்டறையை விட்டு வெளியே வந்து கழற்றுங்கள்.

"பிளக் போட்டா தறி என்ன பண்ணுதுன்னு தெரியாதுக்கா, நாடா பறந்தா யார் பாக்குறது?" என்று எங்கள் பட்டறைப் பெண்கள் கேட்டார்கள். நியாயமான பயம். நாடா என்பது ஊடைநூலோடு தறியில் இங்கும் அங்கும் பாயும் கட்டை, அது பறந்து அடிபட்டவர்களை நானும் பார்த்திருக்கிறேன். ஆனால் பிளக் சத்தத்தைக் குறைக்கிறதே தவிர மூடிவிடுவதில்லை. முதல் நாலைந்து நாள் எல்லாம் வேறு மாதிரி கேட்கும். அதன் பிறகு நாடா பெட்டியில் சரியாக உட்காராமல் இடிக்கிற அந்த மாறுபட்ட தட்டல் பிளக்கோடும் எனக்குத் தெரிந்தது. சொல்லப்போனால் இப்போதுதான் இன்னும் தெளிவாகத் தெரிகிறது. அந்த ஒரு வாரத்தைத் தாண்டும் வரை புதிதாகப் போடுகிறவர் பக்கத்தில் பழகினவர் ஒருவர் நிற்பது நல்லது.

ஸ்பாஞ்ச் பிளக் அழுக்கேறினால், எழும்பாமல் கெட்டியானால் தூக்கிப் போட வேண்டியதுதான். கழுவிப் பயன்படுத்த வேண்டுமென்றால் அடுக்கு அடுக்காகக் குடை மாதிரி இருக்கும் ரப்பர் பிளக் வாங்குங்கள். காதில் சீழ் வடிகிறவர்கள், சவ்வில் ஓட்டை உள்ளவர்கள் பிளக் வேண்டாம், தலைக்கு மேல் மாட்டும் இயர் மஃப் போட்டுக்கொள்ளுங்கள்.

ஓனர்கள் படித்தால் அவர்களுக்கும் ஒரு வார்த்தை. நாடாவை அடித்துத் தள்ளும் பிக்கர் தேய்ந்திருப்பது, ஆடுகிற போல்ட், எண்ணெய் காணாத கியர் இவையெல்லாம் சத்தத்தைக் கூட்டுகின்றன. தறிக்காலுக்கு அடியில் ரப்பர் அட்டை வைத்தால் அதிர்வு குறையும். மத்தியானம் சாப்பிடுவதற்குத் தறி ஓடாத ஓர் இடம் ஒதுக்கிக் கொடுங்கள், காதுக்கு அது மருந்து மாதிரி. சத்தத்தால் காது கேளாமல் போவது தொழிலாளர் சட்டங்களின் தொழில்நோய்ப் பட்டியலில் இருக்கிறது. தொழிலாளர் காப்பீடான இ.எஸ்.ஐ. கார்டு உள்ளவர்கள் காது டெஸ்ட் ரிப்போர்ட் ஒன்றையும் தொலைக்காமல் ஃபைலில் போட்டு வையுங்கள். வேலைக்குச் சேரும்போது ஒன்று, அப்புறம் வருஷத்துக்கு ஒன்று. முதல் ரிப்போர்ட் இல்லாவிட்டால் காது எப்போது போனது என்று சொல்ல ஆதாரமே இருக்காது. என்னிடம் அது இல்லை.

காது டெஸ்ட்

அரசுத் தலைமை மருத்துவமனைகளில் காது மூக்கு தொண்டைப் பிரிவு இருக்கிறது, டெஸ்ட் அங்கேயே எடுக்கலாம். ஷிப்ட் முடிந்து நேராகப் போகாதீர்கள். களைத்த காது இன்னும் மோசமாகக் காட்டும். ஞாயிறு லீவு விட்டு, திங்கள் காலையில் போங்கள். முதலில் டாக்டர் விளக்குக் கருவியால் உள்ளே பார்ப்பார், அழுக்கு இருந்தால் எடுப்பார். இசைக்கவை என்ற இரும்புக் கவையைத் தட்டி, காதுக்கு முன்னும் காதுக்குப் பின் எலும்பிலும் வைத்துக் கேட்பார். கோளாறு வெளிக்காது நடுக்காதிலா, உள்காது நரம்பிலா என்று அதில் ஓரளவு தெரிந்துவிடும். பிறகு சத்தம் புகாத அறையில் ஹெட்போன் மாட்டிவிட்டு, பீப் கேட்கும்போதெல்லாம் பட்டனை அமுக்கச் சொல்வார்கள். கேட்ட மாதிரி தோன்றினாலும் அமுக்குங்கள், வெட்கப்பட வேண்டாம்.

கையில் ஒரு கிராப் கொடுப்பார்கள். சிவப்பு வட்டம் வலது காது, நீலப் பெருக்கல் குறி இடது காது. கோடு கீழே இறங்க இறங்கக் காது மோசம். 25 டெசிபலுக்குள் இருந்தால் நல்ல காது. என் இடது காதில் 500 ஹெர்ட்ஸில் 20 டெசிபல், 1000-ல் 25, 2000-ல் 40, 4000-ல் 65, அதன் பிறகு 8000-ல் 50-க்கு ஏறுகிறது. 4000-ல் மட்டும் கிணறு வெட்டிய மாதிரி பள்ளம். அந்தப் பள்ளத்தைப் பார்த்ததுமே அந்தப் பெண் கேட்டது: "எத்தனை வருஷமா தறி ஓட்டறீங்கம்மா?" நான் தறி என்று சொல்லியே இருக்கவில்லை.

இதில் 500 முதல் 4000 வரை உள்ள நாலு எண்களின் சராசரி 37.5 வரும். மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கு இரண்டு காதிலும் 60 டெசிபல் இழப்பாவது வேண்டும். அதனால் தறிக்காரர்கள் பலருக்கு அட்டை கிடைக்காது, ஆனால் பேச்சும் புரியாது. அட்டை இல்லை என்பதால் குறையே இல்லை என்று நினைத்துவிடாதீர்கள்.

எல்லாக் காதும் தறியால் போவதில்லை

சில கோளாறுகள் சரியாகக்கூடியவை. அதனால்தான் நீங்களாக முடிவு கட்டாமல் டாக்டரைப் பார்க்கச் சொல்கிறேன். வெறும் அழுக்கு அடைத்து மந்தமானவர்கள் உண்டு, எடுத்ததும் தெளிந்துவிடும். ஹேர்பின், தீக்குச்சி, பட்ஸ் எல்லாம் அழுக்கை உள்ளே தள்ளுமே தவிர எடுக்காது. எங்கள் தெருவில் ஒரு அண்ணன் சைக்கிள் சாவியால் குடைந்து சவ்வைக் கிழித்துக்கொண்டார். குளித்த பிறகு துண்டு நுனியால் வெளிக்காதைத் துடைத்தால் போதும். சீழ் வடிகிற காதில் பூண்டு எண்ணெய் காய்ச்சி ஊற்றக் கூடாது. மருந்தில் காய வைத்து, ஓட்டையிருந்தால் ஆபரேஷனில் சவ்வை அடைக்கலாம். பலருக்குக் கேட்கும் திறனும் கூடுகிறது.

காசநோய்க்கு முன்பு போட்ட ஸ்டெரெப்டோமைசின் ஊசி, ஜென்டாமைசின், அமிகாசின், புற்றுநோய்க்கான சிஸ்பிளாட்டின் போன்ற மருந்துகள் உள்காதைப் பாதிக்கக்கூடியவை. அவை தேவைப்படுகிறவர்கள் நிறுத்திவிடாதீர்கள். காது இரைகிறது, மந்தமாகிறது, தலை சுற்றுகிறது என்றால் உடனே டாக்டரிடம் சொல்லுங்கள்.

இதை மட்டும் நன்றாக மனசில் வையுங்கள்: காலையில் எழுந்தால் திடீரென்று ஒரு காது கேட்கவில்லை, அல்லது இரண்டு மூன்று நாளுக்குள் சடசடவென்று குறைந்துவிட்டது என்றால் அது அவசரம். சளி, தண்ணீர் போய்விட்டது என்று காத்திருக்காதீர்கள். அன்றைக்கே காது டாக்டரிடம் போங்கள். நரம்புக் கோளாறாக இருந்தால் ஸ்டீராய்டு கொடுப்பார்கள், முதல் இரண்டு வாரத்துக்குள் தொடங்கினால்தான் பலன் அதிகம். என் நாத்தனார் ஒரு மாதம் வீட்டு வைத்தியம் பார்த்துவிட்டுப் போனாள். அந்தக் காது வரவே இல்லை.

காது மிஷின்

முதலில் ஒரு கடையில் 1,500 ரூபாய்க்கு ஒன்று வாங்கினேன். டெஸ்ட் ரிப்போர்ட் கேட்கவில்லை, காதில் மாட்டிவிட்டுக் காசு வாங்கிக்கொண்டார்கள். அது எல்லாச் சத்தத்தையும் ஒரே மாதிரி தூக்கியது. எனக்கு ஏற்கெனவே நன்றாகக் கேட்கும் லாரி ஹாரன் மண்டையைப் பிளந்தது, கேட்காத ச, ஸ கேட்கவே இல்லை. நாலு நாளில் பெட்டிக்குள் போட்டுவிட்டேன். நல்ல மிஷின் என்பது உங்கள் கிராப்பைப் பார்த்து, பள்ளம் இருக்கிற சுருதியை மட்டும் தூக்கிவிடும்படி கம்ப்யூட்டரில் வைத்து அமைப்பது. விலை அதிகம்தான். வாங்கும் முன் சில நாள் போட்டுப் பார்க்கக் கொடுப்பார்களா, பிறகு அளவு மாற்ற வந்தால் காசு கேட்பார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

போட்ட முதல் நாள் எண்ணெயில் கடுகு வெடிக்கிற சத்தத்துக்குத் திடுக்கிட்டேன். கேரி பேக் கசங்குவது தாங்க முடியவில்லை. என் செருப்புச் சத்தம் எனக்கே கேட்டது. மூளை அந்த ஒலிகளை மறந்து பல வருஷமாகிறது, திரும்பப் பழக வேண்டும். முதல் வாரம் வீட்டுக்குள் இரண்டு மணி நேரம், ஒருவரோடு பேசும்போது மட்டும். அப்புறம் வாசல், அப்புறம் கடைவீதி, கல்யாண மண்டபம் கடைசியில். எனக்கு இரண்டரை மாதம் ஆனது. ஒரு வாரத்தில் கழற்றி வைத்தவர்கள்தான் மிஷின் சரியில்லை என்கிறார்கள்.

பேட்டரி ஸ்டிக்கரை உரித்ததும் போடாதீர்கள். அது காற்று பட்டு வேலை செய்கிற பேட்டரி, ஒன்றிரண்டு நிமிஷம் வெளியே வைத்துப் பிறகு போட்டால் நாள் கூட வரும். வியர்வைதான் மிஷினுக்கு எமன். ராத்திரி கழற்றித் துடைத்து, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பாக்கெட் போட்ட டப்பாவில் வையுங்கள். பட்டறைக்குள் காது மிஷின் வேண்டவே வேண்டாம். ஆன் செய்து மாட்டினால் சத்தத்தைக் கூட்டும், அணைத்து மாட்டினாலும் அது பிளக் ஆகாது.

வீட்டில் இருப்பவர்களுக்கு

தொட்டில் குழந்தைக்கும் காது பார்க்க வேண்டும், முக்கியமாக உறவில் கல்யாணம் செய்தவர்கள், குறைமாதத்தில் பெற்றவர்கள். பிறந்ததும் ஓ.ஏ.இ. என்ற சோதனை சில நிமிஷத்தில் முடியும், வலிக்காது. பிறவியிலேயே கேளாத குழந்தைக்கு ஆறு வயதுக்குள் காக்ளியர் இம்பிளாண்ட், அதாவது உள்காதில் கருவி பொருத்தும் ஆபரேஷன், செய்ய முதலமைச்சரின் மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் வழி இருக்கிறது. ஆறு வயது வரை பொறுக்கலாம் என்று அர்த்தமில்லை, எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவுக்குப் பேச்சு வரும்.

என்னைப் போன்றவர்களிடம் பேசும்போது கத்தாதீர்கள். கத்தினால் வாய் கோணிக்கொள்ளும், உதடு படிக்க முடியாது. முதலில் பெயர் சொல்லியோ தோளைத் தொட்டோ கூப்பிடுங்கள், திரும்பின பிறகு பேசுங்கள். சமையலறையிலிருந்து பேசாதீர்கள். டிவியைக் குறையுங்கள். ஒரு தடவை புரியவில்லை என்றால் அதே வார்த்தையைத் திரும்பத் திரும்பச் சொல்லாமல் வேறு வார்த்தையில் சொல்லுங்கள். என் பேத்திக்கு இதை யாரும் சொல்லித் தரவில்லை. என் தாடையைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பிவிட்டுத்தான் "அம்மாயி" என்று ஆரம்பிப்பாள்.